முகமூடி அணிந்தவன் பொய்யனா?

பரிசேயரையும் மறைநூல் அறிஞரையும் கண்டிக்கும் போது ஆண்டவர் இயேசு அவர்களுக்குச் சூட்டிய பெயரை நாம் தமிழில் ‘வெளிவேடக்காரர்’ என்று வாசிக்கின்றோம். நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் நிற்கும் சொல் ‘ஹிப்போக்கிரித்தேஸ்’ என்பதாகும். கிரேக்கரின் நாளாந்த வழக்கில் அது வசைச் சொல்லன்று. நாடக மேடையில் நடிப்பவனுக்குரிய தொழிற்பெயர் அது. அந்த நடிகன் முகமூடி அணிந்தே மேடையேறினான். ஆக, மறைவாகச் செய்ய வேண்டிய தர்மத்தைத் தாரை ஊதிச் செய்தவனையும், சந்திகளில் நின்று செபித்தவனையும் ஆண்டவர் ‘முகமூடி போட்டவன்’ என்று சொன்னதாகவே அன்று கேட்டவர்கள் விளங்கியிருப்பார்கள்.

இலத்தீன் மொழியில் அதே நாடக முகமூடிக்கு ‘பெர்சோனா’ என்று பெயர். இந்தச் சொல்லுக்கு நேர்ந்த கதி முற்றிலும் வேறு. பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஆகிய மூன்று ‘ஆட்கள்’ என்று நாம் மறைக்கல்வியில் மனனம் செய்தோமே, அந்த ‘ஆள்’ என்பதற்கு இலத்தீன் திருச்சபை எடுத்துக்கொண்ட சொல் இந்தப் ‘பெர்சோனா’ தான். ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பொவேத்தியுஸ் என்னும் கிறிஸ்தவ மெய்யியலாளர், முகமூடியின் குழிவின் வழியே குரல் பெருகி ஒலிப்பதால் அப்பெயர் வந்தது என்று விளக்கினார். சொற்பிறப்பை ஆராயும் இன்றைய அறிஞர் இவ்விளக்கத்தை ஐயுறுவர். அது சரியோ பிழையோ, எண்ணிப் பார்க்கத் தக்க ஒன்று. ஒரே முகமூடி ஒரு மொழியில் கபடத்துக்கும் இன்னொரு மொழியில் மனித மாண்புக்கும் பெயர் கொடுத்திருக்கின்றது. முகத்தை மறைப்பவன் எப்போது பொய்யன் ஆகின்றான், எப்போது ஆவதில்லை?

இக்கேள்வியை எழுப்ப நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் வாசகர் பலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். அவர் ஒரு புனிதரும் அல்லர், கத்தோலிக்கரும் அல்லர். சிறுவயதில் இஸ்லாத்தை ஒட்டிய ஒரு கறுப்பினச் சமயக் குழுவின் சூழலில் வளர்ந்தவர். எம்.எவ். டூம் என்ற பெயரில் ஹிப்-ஹொப் இசை பாடியவர். நமது வீடுகளில் காதில் ஒலிக்கருவியைச் செருகிக்கொண்டு திரியும் பிள்ளைகளில் சிலர் இப்பெயரை அறிந்திருப்பார்கள். பெற்றோர் அறிந்திருக்க மாட்டார்கள். அவரை அறிய முன்னர் அந்த இசையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும்.

ஹிப்-ஹொப் பிறந்த நாளும் விலாசமும் கூடக் குறிக்கப்பட்டுள்ளன. 1973ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி, நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கத் தொடர்மாடியில் நடந்த ஒரு வீட்டு விருந்தையே அதன் தொடக்கமாகச் சொல்வர். ஜமேக்காவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த கூல் ஹேர்க் என்ற இளைஞர், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேசைகளில் வைத்து, மேளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை மாறி மாறி ஓடவிட்டு நீட்டினார். அத்தாளத்தின் மேல் ஒருவர் எதுகை மோனையோடு விரைவாகப் பேசுவதே ‘ராப்’ எனப்படுவது. வாத்தியம் வாங்கவும் பயிலவும் வசதியற்ற ஏழைக் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ பிள்ளைகள் பழைய இசைத்தட்டுகளையே வாத்தியமாக்கிக்கொண்டார்கள். பத்து இருபது ஆண்டுகளுக்குள் அது கோடிக்கணக்கான டொலர் புரளும் வியாபாரமாயிற்று. பொற்சங்கிலி, விலையுயர்ந்த மோட்டார் வண்டி, அரைகுறை ஆடையில் பெண்கள் என்று அதன் படங்கள் நம் வீட்டுத் தொலைக்காட்சி வரை வந்து சேர்ந்ததும் இவ்வியாபாரத்தின் வழியாகத்தான். இதற்குப் புறம்பாக, பெரிய நிறுவனங்களைச் சாராமல், சிறு முதலில் சில ஆயிரம் தட்டுகளை அச்சிட்டு, பல்கலைக்கழக வானொலிகளின் நள்ளிரவு நிகழ்ச்சிகள் மூலம் கேட்போரைத் தேடிக்கொண்ட ஒரு கூட்டமும் இருந்தது. அதற்கு ‘நிலத்தடி’ ஹிப்-ஹொப் என்று பெயர். எம்.எவ். டூம் அந்த நிலத்தடிக்கு விரும்பிப் போனவரல்லர். மேலேயிருந்து விழுந்தவர்.

டானியல் டூமிலே என்பது அவரது இயற்பெயர். 1971 யூலை 13இல் லண்டனில் பிறந்தார். தந்தை சிம்பாப்வே நாட்டவர், தாய் திரினிடாட் தீவினர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் அமெரிக்காவுக்குச் செல்ல, நியூயோர்க்கை அடுத்த லோங் பீச் என்னும் ஊரில் வளர்ந்தார். தம்பியுடன் சேர்ந்து கே.எம்.டி. என்ற குழுவை அமைத்தார். தம்பியின் மேடைப் பெயர் சப்ரொக். இலெக்ட்ரா என்ற பெரும் இசைத்தட்டு நிறுவனம் 1991இல் அவர்களது முதலாவது இசைத்தொகுப்பை வெளியிட்டது. கறுப்பின மக்களைப் பற்றிய இழிவான எண்ணங்களை நகைச்சுவையோடு சாடிய பிள்ளைகள் அவர்கள். அப்போது அண்ணனின் முகத்தில் முகமூடி இல்லை. பழைய படங்களில் சிரித்த முகத்துடன் நிற்கின்றார்.

1993 ஏப்பிரலில், இரண்டாவது தொகுப்பின் வேலை முடியும் தறுவாயில், தம்பி பெருந்தெரு ஒன்றைக் கடக்கையில் வாகனத்தில் அடிபட்டு இறந்தான். வயது பத்தொன்பது. அண்ணன் எஞ்சிய வேலையைத் தனியே முடித்தார். அட்டைப்படத்தையும் தாமே வரைந்தார். கறுப்பினத்தவரை இழிவுபடுத்த வெள்ளையர் நெடுங்காலம் பயன்படுத்திய ‘சாம்போ’ என்னும் தடித்த உதட்டுக் கேலிச்சித்திரம் ஒன்று தூக்குமரத்தில் தொங்குவதாக அப்படம் அமைந்தது. அந்த இழிந்த உருவத்தைத் தூக்கிலிடுகின்றோம் என்பதே வரைந்தவரின் கருத்து. இசை வியாபாரப் பத்திரிகையொன்றில் அதைக் கண்டித்து எழுதப்பட்டதும் நிறுவனம் அஞ்சியது. 1994இல் தொகுப்பை வெளியிடாமல் நிறுத்தி, ஒப்பந்தத்தையும் முறித்துக்கொண்டது. ஓராண்டுக்குள் உடன்பிறந்தவனும் போய், உழைப்பும் போயிற்று.

பின்வந்த மூன்று நான்கு ஆண்டுகள் அவர் இசை உலகின் கண்ணிலிருந்து மறைந்தார். மன்ஹற்றன் வீதிகளில் அலைந்ததாகவும், பூங்காவின் வாங்குகளில் உறங்கும் நிலைக்குக் கிட்ட வந்ததாகவும் பின்னாளில் அவரே கூறியிருக்கின்றார். ஆனால் எழுதுவதை விடவில்லை. 1997, 98ஆம் ஆண்டளவில், கவிஞர்கள் கூடும் நுயோரிக்கன் கஃபே என்ற இடத்தில், யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்ற இரவுகளில், ஒருவர் பெண்களின் காலுறை ஒன்றைத் தலைவழியே இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு பாடினார். பாடியவர் இன்னார் என்று அநேகருக்குத் தெரியவில்லை. காலுறை பின்னர் உலோக முகமூடியாக மாறியது. ‘மார்வெல்’ சித்திரக்கதைகளில் வரும் டொக்டர் டூம் என்ற வில்லன், முகம் சிதைந்ததால் இரும்புக் கவசம் அணிந்தவன். தமக்கும் அப்பெயரையே சூட்டிக்கொண்டார். நிலத்தடி இசையின் முக்கியமான வானொலி நிகழ்ச்சியொன்றை நடத்திய பொபிற்றோ கார்சியா தமது சிறிய நிறுவனத்தின் மூலம் 1999இல் ‘ஒபரேஷன்: டூம்ஸ்டே’ என்ற தொகுப்பை வெளியிட்டார். அதன் பின் இறக்கும் வரை பொது மேடையிலும் படத்திலும் முகமூடி இன்றி அவர் தோன்றவே இல்லை எனலாம்.

ஏன் முகமூடி என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது. இசை வியாபாரம் காதை விட்டுக் கண்ணுக்குப் போய்விட்டது. பாடுபவன் எப்படி இருக்கின்றான், என்ன அணிகின்றான், என்ன நிறத்தவன் என்பதை எல்லாம் மறந்து, வரும் குரலையும் சொல்லையும் கேளுங்கள் என்பதே அவர் நிலைப்பாடு. பொவேத்தியுஸ் சொன்ன பிழையான சொற்பிறப்பை இவர் அறிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் முகமூடி குரலுக்காகவே என்ற அதே இடத்துக்கு வந்து நிற்கின்றார்.

இனி, திருச்சபையின் அறிஞர் இதைப் பற்றி என்ன சொல்வர்? தொடக்கத்தில் திருச்சபை நடிகரை நம்பவில்லை. மூன்றாம் நூற்றாண்டு ஒழுங்குகளில், நாடக மேடையில் தொழில் செய்பவன் அதைக் கைவிட்டாலன்றித் திருமுழுக்குக்கு ஆயத்தம் பெற முடியாது என்று கண்டிருக்கின்றது. அக்கால மேடையின் சீர்கேட்டை அறிந்தவர் அதைக் கடுமை என்று சொல்லார். ஆயிரம் ஆண்டுகள் கழித்துப் புனித தோமஸ் அக்குவினாஸ் வேறு நிதானத்தோடு பேசுகின்றார். மனித வாழ்வுக்குக் களிப்பும் ஓய்வும் தேவை. அதை அளிக்கும் நடிகரின் தொழில் தன்னளவில் பாவமன்று. முறைகேடான சொல்லும் செயலும் கலவாமல், தகாத காலத்தில் நிகழாமல் இருந்தால் போதும் என்பது அவர் முடிவு.

பாசாங்கு பற்றி அவர் எழுதிய பகுதி இதைவிட ஆழமானது. அங்கே அவர் புனித அகுஸ்தினாரை மேற்கோள் காட்டுகின்றார். பொய்யின் மீது அகுஸ்தினாரைப் போல் கண்டிப்பாக இருந்தவர் திருச்சபையில் வேறு எவருமில்லை. உயிர் காக்கவும் பொய் ஆகாது என்றவர் அவர். அப்படிப்பட்டவருக்கு லூக்கா நற்செய்தியின் எம்மாவூசு நிகழ்ச்சி ஒரு சிக்கலைத் தந்தது. உயிர்த்த ஆண்டவர் சீடர் இருவருடன் அந்நியரைப் போல் நடக்கின்றார். ஊரை அணுகியதும் அப்பால் போகின்றவரைப் போல் காட்டிக்கொள்கின்றார். இது பாசாங்கன்றோ? அகுஸ்தினார் தந்த விடையின் சாரம் இது: நாம் புனைவதெல்லாம் பொய்யல்ல. எந்தப் பொருளையும் குறிக்காத புனைவே பொய். ஓர் உண்மையைச் சுட்டி நிற்கும் புனைவு அந்த உண்மையின் உருவகம். தவக்காலத்தில் நமது பங்குகளில் திருப்பாடுகளின் காட்சி நடக்கும் போது யூதாசாக வந்தவரை எவரும் அடுத்த நாள் காட்டிக்கொடுத்தவன் என்று ஏசுவதில்லை என்பதை எண்ணினால் இது விளங்கும்.

எமக்கு இன்னும் கிட்டிய ஓர் உதாரணம் உண்டு. 1687இல், ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் இத்தீவில் கால்வைக்கத் தடை இருந்த நாட்களில், கோவாவிலிருந்து வந்த குருவானவர் ஒருவர் கூலியாளின் கோலத்தில் கரையிறங்கினார். பின் யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரனைப் போல் வீடு வீடாகச் சென்றார். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக உயர்த்திய ஜோசப் வாஸ் அடிகளே அவர். அவருடைய மாறுவேடம் பொய்யா? அவர் கழுத்தில் செபமாலையை வெளியே தெரிய அணிந்திருந்தார் என்பதை நாம் மறக்கலாகாது. காவலனின் கண்ணுக்கு அவர் பிச்சைக்காரன். செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்த வீட்டாருக்கு அவர் குருவானவர். மறைத்தது தம்மை வேட்டையாடியவர்களிடமிருந்து. தம்மை நாடக்கூடியவர்களுக்கு அடையாளத்தைக் கழுத்திலேயே தொங்கவிட்டார். சில்லாலை மக்கள் அவரைக் கண்டுகொண்டு அடைக்கலம் கொடுத்ததும் அதனால்தான். புனிதரையும் பாடகனையும் ஒரே தராசில் நான் வைக்கவில்லை. ஒரு மறைவு நேர்மையானதா என்று பார்ப்பதற்கு அந்தச் செபமாலை நல்ல அளவுகோல் என்று மட்டும் சொல்கின்றேன். எந்த உண்மை எவருக்கு உரியதோ, அது அவருக்குக் கிடைக்க வழி வைக்கப்பட்டிருக்கின்றதா?

அவ்வளவில் டூமின் முகமூடி பொய்யன்று. அது முகமூடி என்று எல்லோருக்கும் தெரியும். அது சுட்டும் பொருளும் தெரியும். கேட்க வந்தவனுக்கு உரியது குரல். அக்குரல் முழுமையாகக் கிடைத்தது. இதைப் பார்க்கிலும் முகம் காட்டித் திரியும் பாடகன் அதிகம் பொய் சொல்கின்றான் என்று கூடச் சொல்லலாம். வாடகைக்கு எடுத்த வண்டியில் சாய்ந்து நின்று படம் பிடிப்பவனுக்கு முகமே முகமூடி.

மறைந்திருந்து செய்யும் வேலை எப்படிப்பட்டதாய் இருக்கும் என்பதற்கும் இவர் வாழ்வில் ஒரு நல்ல அத்தியாயம் உண்டு. 2002இல் மட்லிப் என்ற இசையமைப்பாளருடன் சேர்ந்து ஒரு தொகுப்பைத் தொடங்கினார். மட்லிப் பிரேசில் சென்றிருந்த போது, முடிவுறாத அந்த ஒலிப்பதிவு களவாடப்பட்டு இணையத்தில் பரவிவிட்டது. உலகம் முழுவதும் அரைவேக்காட்டைக் கேட்டுப் புகழ்ந்துகொண்டிருந்தது. இருவரும் மனமுடைந்து வேறு வேலைகளுக்குப் போனார்கள். பின்பு திரும்பி வந்து, ஏற்கனவே பாராட்டுப் பெற்றுவிட்ட பாடல்களையே மீண்டும் எடுத்து, டூம் தமது குரலைத் தாழ்த்தி, ஆறுதலாக, புதிதாகப் பதிவு செய்தார். ‘மட்வில்லனி’ என்ற பெயரில் 2004 மார்ச்சில் ஸ்ரோன்ஸ் த்ரோ என்ற சிறு நிறுவனம் அதை வெளியிட்டது. 22 உருப்படிகள், 46 நிமிடங்கள். பல்லவி என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. ஆங்கிலத்தில் அடியின் ஈற்றில் ஓர் ஒலி ஒத்தால் போதும் என்றிருக்க, இவர் ஓர் அடிக்குள்ளேயே நாலைந்து அசைகளை மறு அடியின் நாலைந்து அசைகளோடு பொருத்திக்கொண்டு போவார். எதுகையும் மோனையும் இயைபும் ஒருங்கே விழும் செய்யுளைக் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு அதன் அருமை எளிதில் புலப்படும். மோசமான பிரதியே போதும் என்று சந்தை சொன்ன பிறகும் திருத்தியமைக்க உட்கார்ந்த மனத்தை நான் மதிக்கின்றேன். நாசரேத்தூரின் தச்சுப் பட்டறையில் முப்பது ஆண்டுகள் செய்யப்பட்ட கலப்பைகளையும் கதவுகளையும் பற்றி நற்செய்தியில் ஒரு வரியும் இல்லை. அவற்றின் பொருத்துகள் இறுக்கமாய் இருந்திருக்கும் என்று நம்பாதவர் உண்டோ?

மலைப்பொழிவிலேயே இரண்டு கட்டளைகள் ஒன்றுக்கொன்று எதிராய் நிற்பதைப் போல் தோன்றும். விளக்கை மரக்காலின் கீழ் மறைக்காதீர்கள், உங்கள் நற்செயல்களை மனிதர் காணட்டும் என்று ஐந்தாம் அதிகாரம். வலக்கை செய்வதை இடக்கையும் அறிய வேண்டாம் என்று ஆறாம் அதிகாரம். தந்தையருள் பலர் இதை ஆராய்ந்துள்ளார்கள். ஒளி காணப்பட வேண்டும், விளக்குத் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்பதாக நான் விளங்கிக்கொள்கின்றேன். நமது ஆலயங்களில் நிலைமை என்ன? வாங்கின் முதுகில் பெயர். மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் ‘உபயம்’ என்று பெயர்; அது சுழலும் போதாவது வாசிக்க முடியாமல் போவது ஆறுதல். திருவிழா மலரைத் திறந்தால் வாழ்த்துரைகளும் முகங்களும் முடிந்து செய்தி தொடங்கப் பல பக்கங்கள் புரட்ட வேண்டும். பெயர் பொறிப்பதெல்லாம் பாவம் என்று நான் சொல்லவில்லை. இறந்த தாய்க்காக வைத்த வாங்கில் அவள் பெயரைப் பொறிப்பதில் அன்பும் உண்டு. ஆனால் ஒரு வில்லனின் வேடமிட்ட பாடகன், என்னைப் பாராதே, வேலையைப் பார் என்று சொல்லும் போது, நமக்குக் கொஞ்சம் கூச வேண்டும்.

இவருடைய பாடல்களை அப்படியே பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். கொடுக்கலாகாத சொற்கள் அவற்றில் பல உண்டு. மதுவும் போதையும் வேடிக்கைப் பொருளாய் வருகின்றன. வில்லன் வேடம் என்பதால் எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடாது. அக்குவினாஸ் வைத்த நிபந்தனை அங்கே அடிபடுகின்றது. ஆனால் வளர்ந்த பிள்ளை ஏற்கனவே கேட்டுக்கொண்டிருந்தால், கருவியைப் பறிப்பதை விட, அதிலே அவன் எதை விரும்புகின்றான் என்று உட்கார்ந்து கேட்பது பயன் தரும். சொல்லாட்சியை விரும்புகின்றவனுக்கும் தூஷணத்தை விரும்புகின்றவனுக்கும் ஒரே மருந்து பொருந்தாது.

இனி, இம்மனிதர் பிழைவிட்ட இடத்துக்கு வருவோம். 2007ஆம் ஆண்டில், அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் எம்.எவ். டூமின் நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்துச் சென்றவர்கள், மேடையில் நிற்பவர் வேறு யாரோ என்று ஐயுற்றார்கள். உடல்வாகு வேறு. முன்பே பதிவான பாட்டு ஓட, முகமூடியின் பின்னால் வாய் அசைவதாகத் தோன்றியது. கூச்சலிட்டுக் குழம்பியவர்களும் உண்டு. பின்பு இதைப் பற்றிக் கேட்கப்பட்ட போது அவர் மறுக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. டூம் என்பது நான் எழுதிய ஒரு பாத்திரம், நான் நெறியாளன், பாத்திரத்துக்கு எந்த நடிகனையும் அனுப்புவேன் என்ற பாங்கில் பேசினார். இரசிகர் சிலர் இதையும் ஒரு பெரிய தத்துவமாகக் கொண்டாடுகின்றார்கள். முகம் முக்கியமில்லை என்று அவர் சொன்னதன் நியாயமான முடிவு இதுவே. ஏமாந்தவர்கள் முகத்தைத் தேடிப் போனவர்கள், அவர்களுக்கு நல்ல பாடம் என்பது அவர்கள் வாதம்.

இவ்வாதம் நிற்காது. முகம் வேண்டாம், குரலைக் கேள் என்பதே முகமூடியின் பொருள் என்று அவர் தாமே வரையறுத்திருந்தார். அந்த மேடையில் இல்லாமற் போனது முகமல்ல, குரல். வீட்டில் இருந்தே கேட்கக்கூடிய ஒலிப்பதிவுக்கு எவரும் நுழைவுச் சீட்டு வாங்குவதில்லை. குரலுக்காகவென்று அணிந்த முகமூடியின் பின்னால் குரல் இல்லாத போது, அம்முகமூடி எதையும் சுட்டவில்லை. அகுஸ்தினார் பொய்யென்று ஒதுக்கிய வகைக்குள் அது தானாகவே விழுகின்றது. நெறியாளன் நடிகனை மாற்றலாம் என்பது உண்மை. நாட்டுக்கூத்தில் அண்ணாவியாரும் ஆளை மாற்றுவார். ஆனால் ராசா வேடத்துக்கு இன்னார் வருகின்றார் என்று சொல்லிச் சனத்தைக் கூட்டிவிட்டு வேறொருவருக்கு முடி சூட்டி அனுப்பினால், விடியும் வரை எந்த ஊரும் பொறுமையாய் இருக்காது. செபமாலை இல்லாத மாறுவேடம் இது. உண்மைக்கு உரியவன் பணம் கொடுத்தவன். அவனுக்கே அது மறைக்கப்பட்டது.

அக்குவினாஸ் வாங்கல் விற்றலில் நிகழும் வஞ்சகத்தைப் பற்றித் தனியே எழுதியிருக்கின்றார். ஒரு பொருளைச் சொல்லி வேறொன்றைக் கொடுப்பவன், நோயுற்ற மிருகத்தை நல்லதென்று விற்பவன் ஆகியோர் அறிந்து செய்தால் பாவம் செய்வதோடு, ஈடுசெய்யவும் கடமைப்பட்டவர்கள். ஏழாம் கட்டளையின் கீழ் வரும் காரியம் இது. கலை என்ற பெயர் இதிலிருந்து விலக்குத் தராது. பலர் கலைஞனுக்கு இங்கே ஒரு சலுகை தர விரும்புவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தச்சன் ஒருவன் பலாப் பலகைக்குக் காசு வாங்கி மலிந்த பலகை அடித்துவிட்டு, மரம் என்பதே ஒரு கருத்துத்தான் என்று சொன்னால் நாம் சிரிக்க மாட்டோம். ஒரு சம்பளத்தில் மிச்சம்பிடித்துச் சீட்டு வாங்கிய பொடியனுக்கு அந்த இரவு போனது போனதுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1994இல் அவருடைய உழைப்பை நிறுத்திய நிறுவனம், ஓர் உருவத்தின் பொருள் என்னவென்று கேட்க மினக்கெடாமல் அவருக்கு அநீதி செய்தது. மேற்பரப்பைப் பார்த்துத் தீர்ப்பிடும் வியாபாரத்தின் மீது அவருக்கு இருந்த வெறுப்பு நியாயமானது. ஆனால் அநீதிக்கு உள்ளானவன் கணக்கைத் தீர்க்கும் போது, கடன்பட்டவனிடம் அல்லாமல் எதிரே வந்தவனிடம் அறவிட்டுவிடுகின்றான். பெரிய நிறுவனம் ஒன்றும் இழக்கவில்லை. இழந்தவர்கள், அவர் கீழே கிடந்த காலத்தில் அவரைத் தேடிக் கண்டெடுத்த அதே நிலத்தடிக் கூட்டத்தார்.

2010இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் முடிந்து திரும்பியவரை அமெரிக்கா உள்ளே விடவில்லை. சிறுவயது முதல் அங்கே வாழ்ந்தும் அவர் குடியுரிமை பெற்றிருக்கவில்லை. மனைவியும் பிள்ளைகளும் ஒரு கரையில், இவர் பிறந்த நாடாகிய பிரித்தானியாவில் மறுகரையில், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். வீசாக் கடிதத்துக்காகக் காத்திருந்த நமது குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2017இல் பதினான்கு வயது மகன் ஒருவன் இறந்தான். தம்பியின் மரணத்தில் தொடங்கிய மறைவு வாழ்வில் இது இரண்டாவது அடி. இவ்வேளையிலும் முகமூடியைக் கழற்றி உலகத்தின் முன் அவர் அழவில்லை. அழுதாரா என்று அறிய உலகத்துக்கு உரிமையும் இல்லை. துக்கத்தைப் படம்பிடித்து வீதியில் வைக்கும் இக்காலத்தில், ஒரு தகப்பன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வதற்கும் மலைப்பொழிவின் ஆறாம் அதிகாரத்தில் இடம் இருக்கின்றது.

அவர் 2020 ஒக்டோபர் 31ஆம் திகதி, சகல புனிதர் பெருவிழாவுக்கு முந்திய நாள், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 49. இரத்த அழுத்தத்துக்காக எடுத்த மருந்து ஒவ்வாமல் தொண்டை வீங்கியதே காரணம் என்று பின்னர் மரண விசாரணையில் கூறப்பட்டது. செய்தியை உலகம் அறிந்தது டிசெம்பர் 31ஆம் திகதிதான், மனைவி அறிவித்தார். இரண்டு மாதம் மறைத்தது சரியா என்று கேட்டவர்கள் உண்டு. பத்திரிகையில் பெறாமக்கள், மருமக்கள், கனடா, சுவிஸ், அவுஸ்திரேலியா எல்லாம் ஒன்றும் விடாமல் அடுக்கி மறுநாளே மரண அறிவித்தல் கொடுக்கும் வழக்கமுடைய நமக்கு அது கல்மனமாகத் தோன்றலாம். நமது வழக்கம் நல்லது. செத்தவீட்டுக்கு ஊர் வர வேண்டும், செபிக்க வேண்டும். ஆனால் அந்தக் குடும்பம் அறிவித்தால் வரப்போவது ஊரல்ல, முகமூடியின் இலட்சக்கணக்கான இரசிகர்கள். அவர்களுக்கு உரியதெல்லாம் இசைத்தட்டுகளில் ஏற்கனவே கொடுக்கப்பட்டாயிற்று. முகத்தை அறிந்தவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். அந்த இரண்டு மாதமும் அவர்களுடையது.